ஒரு ஓடிபி சொல்லுங்க மாமா

தராசில் ரப்பர் ஷீட் ஏறி நிக்கும்போதுதான் போன் அடிக்கும். எப்பவும் அப்பத்தான். எதிரே ஷீட் கொண்டுவந்தவர் தராசு காட்டுற சிவப்பு எண்ணையே கண்ணெடுக்காமப் பார்த்துக்கிட்டு நிப்பார். அந்த நேரம் நான் போனை எடுத்தா, பேச்சுக் குடுத்து ரெண்டு கிலோவை அடிச்சுட்டான்னு குலசேகரம் வரைக்கும் சொல்லிருவார். எடுக்கலைன்னா? வேற நம்பர்லேர்ந்து அடிக்கும். அதையும் எடுக்கலைன்னா வாட்ஸப்பில் ஒரு கும்பிடு பொம்மை வரும். அதுக்குக் கீழே, “ஹாய் சார், உங்களை ரீச் பண்ண ட்ரை பண்ணோம்.”

என்னை எதுக்குய்யா ரீச் பண்ணணும்? நான் என்ன இமயமலையா?

திற்பரப்பில் சின்னதா ஒரு ரப்பர் கடை. ஷீட் எடுப்பேன், ஒட்டுப்பால் எடுப்பேன். அருவிக்குப் போறவங்க பலபேர் என் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கிட்டுப் போவாங்க. ஒட்டுப்பால் வாசம் அப்படி, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. பெரிய பிசினஸ்மேன் எல்லாம் இல்லை நான். ஆனா ஜிஎஸ்டி நம்பர் ஒண்ணு உண்டு. அந்த நம்பர் வாங்கின வாரத்திலேர்ந்து இந்த நாட்டில் பில்லிங் சாஃப்ட்வேர் விக்கிற அத்தனை பேருக்கும் நான் சொந்தக்காரன் ஆயிட்டேன். “சார், 14 நாள் ஃப்ரீ டிரையல் சார். ஒண்ணும் செலவில்லை சார். ஒரு ஓடிபி மட்டும் சொல்லுங்க சார்.”

ஒருநாள் மழை. கடையில் ஆளில்லை. சரி, என்னதான் சொல்றாங்கன்னு கேப்போமேன்னு பேச்சுக் குடுத்தேன்.

“உங்க ஸ்டோர்ல எத்தனை எஸ்கேயூ சார் இருக்கு?”

“என்னது?”

“அதாவது சார், எத்தனை வகை ப்ராடக்ட்?”

“ரெண்டு. ஷீட்டு, ஒட்டுப்பாலு.”

அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. அப்புறம், “ஓகே சார், பார்கோடு ஸ்கேனர் யூஸ் பண்றீங்களா?”

ஒட்டுப்பாலுக்கு பார்கோடு! சிரட்டையிலும் மரப்பட்டையிலும் உறைஞ்சு கிடந்ததை உரிச்சு, சாக்கில் அடைச்சு, சைக்கிளில் வச்சுக் கட்டிக் கொண்டுவாரதாக்கும் ஒட்டுப்பால். அதில் எங்கன ஒட்டச் சொல்றீங்க பார்கோடை? சொன்னேன். விளக்கமாவே சொன்னேன். எனக்க கடையில விலைங்கிறது நான் வைக்கிறதில்லை, கோட்டயம் விலையைப் பார்த்து தெனமும் மாறும். ஷீட்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து இது நாலாம் தரம், இது அஞ்சாம் தரம், இது லாட்டுன்னு பிரிக்கணும். கொண்டுவாரவங்கள்ல பாதிப்பேர் முன்பணம் வாங்கினவங்க. ரெண்டு மழையும் எங்க ஊருக்கு உண்டு, மழையில மரம் நனைஞ்சா பால்வெட்டு கிடையாது, வெட்டு இல்லைன்னா வீட்டில் அரிசி கிடையாது. அப்ப வாங்கின பணத்தை வெயில் வந்ததும் ஷீட்டாத் தந்து கழிப்பாங்க. இந்தக் கணக்கை எழுத உங்க சாஃப்ட்வேர்ல இடம் உண்டா பிள்ளே?

“சூப்பர் சார். எல்லாமே டிரையல்ல இருக்கு சார். ஓடிபி சொல்லுங்க சார்.”

சொன்னேன். ஆப்பைத் திறந்தா உள்ளே மாதிரிக்கடை ஒண்ணு ஓடுது. நீல ஜீன்ஸ், சைஸ் 32, ஸ்டாக் 15. கறுப்புச் சட்டை, சைஸ் மீடியம். ரப்பருக்கும் இதுக்கும் சம்பந்தம் ஏதாவது உண்டுன்னா, ஜீன்ஸ் இடுப்புல ஒருவேளை எலாஸ்டிக் இருக்கலாம். சரி, சந்தேகம் கேக்கலாம்னு அந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டேன். நேத்துவரை மூச்சுவிடாம அடிச்ச நம்பர் அது. “நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை.”

ஏன் எடுக்கணும்? அவங்க வேலை முடிஞ்சு போச்சே. நான் அந்த ஆப்பைப் பயன்படுத்தணும்னு அங்க யாருக்கும் ஒரு ஆசையும் கிடையாது. நான் ‘டிரையல்’ ஆகணும், அவ்வளவுதான். கட்டத்துல ஒரு டிக் விழணும். இது எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

அவ இன்ஜினியரிங் முடிச்சவ. நம்ம மாவட்டத்துல இன்ஜினியரிங் காலேஜுக்கா பஞ்சம்? படிச்சு முடிச்சுட்டு என்ன செய்யன்னு தெரியாம நிக்கிற பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. இவளுக்கு பெங்களூரு கம்பெனி ஒண்ணுல வேலை, வீட்டிலிருந்தே. பதவிப்பேரைக் கேட்டா கலெக்டர் தோத்துப்போவார்: ‘பிசினஸ் டெவலப்மென்ட் அசோசியேட்’. வேலை என்னன்னா, காலையில ஒரு எக்செல் ஷீட் வரும். (அவளுக்கும் ஷீட்டுதான், எனக்கும் ஷீட்டுதான்.) அதுல இருக்கிற நம்பரை எல்லாம் வரிசையா அடிக்கணும். வீட்டுக்குள்ள சிக்னல் கிடையாது, மாடிப்படியில மூணாவது படியில மட்டும் கிடைக்கும். காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு அந்தப் படியிலேயே உக்காந்திருக்கும் பிள்ளை. ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே ஒண்ணு எழுதணும். ‘இன்ட்ரஸ்டட்’, ‘ஃபாலோ-அப்’, ‘நாட் இன்ட்ரஸ்டட்’. அடிச்சும் எடுக்காதவன் ‘ஆர்என்ஆர்’. ‘செத்துப்போயிட்டார்’னு ஒரு பொண்டாட்டி அழுதுக்கிட்டே சொன்னாளாம், அதுக்கு லிஸ்டில் கட்டம் இல்லை. இவ பயந்துபோய் மேனேஜரிடம் கேட்டா, “ஃபாலோ-அப்ல போடு, வீட்டில் வேற டிசிஷன் மேக்கர் இருப்பாங்க”ன்னாராம்.

இதைச் சொல்லிட்டு அவ சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை.

சாயங்காலம் ஆகும். அன்னிக்குள்ள டிரையல் கணக்கு எட்டியிருக்காது. ராத்திரி எட்டு மணிக்கு மேனேஜர் வீடியோவில் வந்து எல்லாரையும் வரிசையா நிறுத்திக் கேப்பாராம். அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கதவு தட்டும்.

“மாமா, ஒரு ஓடிபி சொல்லுங்க மாமா. ரெண்டு நாள் கழிச்சு டெலீட் பண்ணிக்கிடுங்க.”

என்னத்தைச் சொல்ல! பெத்த பிள்ளை மாதிரி நிக்குது. சொல்லிருவேன். இப்படியாகத்தானே நான் ஒரு யோகா ஆப்பில் டிரையல் யூசர். ஐஏஎஸ் கோச்சிங்கில் டிரையல் யூசர். போன தடவை வந்தது கர்ப்பகால உணவு ஆலோசனை. அவளுக்க அப்பா, சித்தப்பா, சர்ச்சில கூட வார அக்காமாரு எல்லாரும் ஏதாவது ஒண்ணில் மெம்பர். எங்க முக்கு சாயாக்கடை அண்ணாச்சி, கேட்டியளா, பணியாளர் சம்பளப் பட்டுவாடா செய்ற சாஃப்ட்வேருக்கு டிரையல் யூசர். கடையில பணியாளர் ரெண்டு பேர். ஒண்ணு அண்ணாச்சி, இன்னொண்ணு அண்ணாச்சிக்க வீட்டம்மா. சம்பளம் ரெண்டு பேருக்கும் கிடையாது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. இந்த எண்ணிக்கை எல்லாம் சேர்ந்து எங்க போகுது? டீம் லீடருக்குப் போகுது. அவர் மேனேஜருக்கு அனுப்புறார். மேனேஜர் அதை ஒரு கோட்டுப்படமாக்கி, இடதுபக்கம் தாழ்ந்து வலதுபக்கம் ஏறுற மாதிரி வரைஞ்சு மேலே அனுப்புறார். மேலே இருக்கிறவர் முதலீடு போடுறவங்க முன்னாடி அந்தப் படத்தைக் காட்டி, “தென் தமிழ்நாட்டில் நல்ல வளர்ச்சி”ன்னு சொல்றார். தென் தமிழ்நாட்டு வளர்ச்சின்னா யாரு? நான், அண்ணாச்சி, சர்ச் அக்காமாரு. எல்லாருக்கும் தெரியும் இது பொய்யின்னு. அடியிலேர்ந்து உச்சிவரைக்கும் தெரியும். ஆனா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா எல்லாருக்கும் மேலே ஒருத்தர் இருக்கார், அவருக்கும் ஒரு டார்கெட் இருக்கு. மாசக் கடைசியில டிரையல் யூசர் பத்தாயிரம் பேர் சேர்ந்தும் காசு கட்ட ஒருத்தரும் வரலையேன்னு மேல்மாடியில ஆச்சரியப்பட்டு, ‘சரியா ஃபாலோ-அப் செய்யலை’ன்னு மாடிப்படியில உக்காந்திருக்கிற பிள்ளையை வேலையை விட்டு எடுப்பாங்க.

மகா சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் வரும். பன்னிரண்டு கோயில், அதில் எங்க மகாதேவர் கோயில் மூணாவது. “கோவிந்தா, கோபாலா”ன்னு கூவிக்கிட்டு ராத்திரியும் பகலுமா ஆயிரக்கணக்கில் ஓடிவாராங்க. அவங்களுக்கு எவன் ஃபாலோ-அப் கால் போட்டான்?

சரி, சாமி கும்பிடுறதும் சாமான் விக்கிறதும் ஒண்ணில்லை. ஒத்துக்கறேன். தெரியாத ஆளை ருசி காட்டி வாங்க வைக்கிறது இன்னிக்கு நேத்து வந்த பழக்கமும் இல்லை. இப்ப நீங்க குடிச்சுக்கிட்டு இருக்கீங்களே சாயா, அதுவே அப்படி வந்ததுதான். தேயிலை இங்கயே விளைஞ்சும் நம்மாளுங்க குடிக்காத காலம் ஒண்ணு இருந்தது. 1903ல் தேயிலைக்கு ஏற்றுமதி செஸ் போட்டு, அந்தப் பணத்தில் பிரசாரம் ஆரம்பிச்சாங்க. 1930களில் உலகச் சந்தை படுத்ததும் முழுமூச்சா இறங்கினாங்க. வீடுவீடா ஆள் போய், அடுப்புப் பக்கத்துல நின்னு, தண்ணி இப்படிக் கொதிக்கணும், தூளு இவ்வளவு போடணும்னு செஞ்சு காட்டி, குடிக்கக் குடுத்தாங்க. சந்தையில, மில் வாசல்ல எல்லாம் குடுத்தாங்க. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்கு நம்ம மேல பாசமா? ஒண்ணும் கிடையாது. ஆனா ஒண்ணைக் கவனிங்க. தூளு அவன் போட்டான், பாலு அவன் வாங்கினான், நஷ்டம் வந்தா அவன் தலையில. குடிச்சவன் வாயைத் துடைச்சுட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்.

அப்புறம் நம்ம கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன். 1983ல் 15,000 ரூபாயை வச்சு சிக் ஷாம்பூ ஆரம்பிச்சவர். கிராமத்துல சீயக்காய் தேய்க்கிற தலைக்கு ஷாம்பூவைக் கொண்டுபோறது லேசா? பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தனைக் கூப்பிட்டு, ஊர் நடுவில தலைக்குத் தேய்ச்சுக் குளிப்பாட்டி, “முடியைத் தொட்டுப் பாருங்க”ன்னு காட்டினாங்க. இலவசப் பாக்கெட் குடுத்தாங்க. அதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒண்ணு உண்டு. காலி ஷாம்பூ பாக்கெட்டுகளைக் கடையில திருப்பிக் குடுத்தா ஒரு சிக் பாக்கெட் இலவசம். முதல்ல எந்தக் கம்பெனிப் பாக்கெட்டா இருந்தாலும் சரி! போட்டிக்காரன் பாக்கெட்டை வாங்கிக்கிட்டு தன் சரக்கைத் தந்தார் மனுஷன். கொஞ்சநாள் கழிச்சு, இனிமே சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான்னு மாத்தினார். அதுக்குள்ள ஜனங்க பழகிட்டாங்க. இதுவும் வியாபாரம்தான், இதுலயும் தந்திரம் உண்டு. ஆனா யார் மடியிலேர்ந்து காசு போச்சு? அவர் மடியிலேர்ந்து.

ஜியோவையே எடுத்துக்கங்க. 2016 செப்டம்பர் 5ஆம் தேதி இலவசமாத் திறந்து விட்டாங்க. டிசம்பர் வரைக்கும்னாங்க, அப்புறம் 2017 மார்ச் வரைக்கும்னு நீட்டினாங்க. 170 நாளில் 10 கோடி பேர் சேர்ந்தாங்கன்னு கம்பெனியே சொன்னது. பணம் கேட்டது அதுக்கு அப்புறம்தான். அதனால சின்ன போன் கம்பெனிகள் பல காணாமப் போனது வேற கதை. ஆனா அந்த ஏழு மாசமும் “முதல்ல பேங்க் அக்கவுண்டை எங்ககிட்ட கட்டிப் போடுங்க”ன்னு யாரும் கேக்கலை.

இப்போ? இப்ப உள்ள ஃப்ரீ டிரையலில் முதல் படியே அதுதான். “ஒரு ரூபாய்க்கு ஏழு நாள்”ம்பான். ஒரு ரூபாய்தானேன்னு பின் நம்பரை அடிப்பீங்க. நீங்க குடுத்தது ஒரு ரூபாய் இல்லை. ஆட்டோபே. மூணு மாசச் சந்தாவோ, ஒரு வருஷச் சந்தாவோ உங்க கணக்கிலேர்ந்து தானா எடுத்துக்கிட அனுமதி. யுபிஐயில் இந்த ஆட்டோபே வசதி வந்தது 2020 ஜூலையில். கரண்ட் பில், இன்சூரன்ஸ் எல்லாம் மறக்காம இருக்கணும்னு கொண்டுவந்த நல்ல வசதி. ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1லேர்ந்து கட்டுப்பாடும் போட்டிருக்கு. பணம் எடுக்கிறதுக்கு 24 மணிநேரம் முன்னாடியே உங்களுக்குத் தகவல் சொல்லணும். ஒருதடவை அனுமதி குடுத்துட்டா அதுக்கப்புறம் ஓடிபி இல்லாம எடுக்கலாம்கிற வரம்பு அப்ப 5,000 ரூபாயா இருந்தது, 2022 ஜூனில் 15,000 ஆச்சு.

15,000! அதை எழுதுறவங்களுக்கு அது ஒரு எண். எங்க ஊர் வெட்டுக்காரருக்கு அது மாசச் சம்பளம்.

24 மணிநேரத் தகவல் வராமல் இல்லை, வரும். எப்படி வரும்? ராத்திரியில, இங்கிலீஷில், லோன் மெசேஜுக்கும் ரம்மி மெசேஜுக்கும் நடுவில. எங்க ஊர்ல பேச்சிப்பாறையில தண்ணி திறந்தா அருவியில குளிக்கத் தடைன்னு கயிறு கட்டி, போலீஸ் நிறுத்தி, மைக்கில் கத்துறாங்க. பணம் போறதுக்கு மட்டும் ஒரு கிசுகிசு.

இதெல்லாம் தப்புன்னு அரசாங்கத்துக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. நல்லாவே தெரியும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் தேதி ஒரு வழிகாட்டுதல் போட்டுது. வலைத்தளத்திலயும் ஆப்பிலயும் நம்மளை ஏமாத்துற 13 வகைத் தந்திரத்தைப் பேர் சொல்லி வரிசையா எழுதி, செய்யக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. அதுல ஒண்ணு சந்தாப் பொறி. வெளியேறுற வழியை மறைச்சு வைக்கிறது, ரத்து செய்றதைக் குழப்பமாக்குறது மட்டுமில்லை, இலவசச் சந்தா தாரேன்னு சொல்லி அதுக்கு கார்டு விவரமோ ஆட்டோ டெபிட் அனுமதியோ கட்டாயப்படுத்திக் கேக்குறதும் அந்தப் பொறியில் சேர்த்திதான்னு தெளிவா எழுதியிருக்கு. படிச்சப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு. அட, நம்ம ஆதங்கத்தை யாரோ கேட்டிருக்காங்களே! சந்தோஷத்துல ஒரு பாட்டு கேக்கலாம்னு போனை எடுத்து ஆப்பைத் திறந்தா, முதல் திரையிலேயே, “இலவச டிரையல், ஆட்டோபே செட் செய்யவும்.”

2025 ஜூனில் அந்த ஆணையம் இன்னொரு அறிவுரை விட்டுது. கம்பெனிகள் எல்லாம் மூணு மாசத்துக்குள்ள தங்களைத் தாங்களே தணிக்கை செஞ்சு, எங்ககிட்ட இந்தத் தந்திரம் எதுவும் இல்லைன்னு பார்த்துக்கணுமாம். தங்களைத் தாங்களே! கடையில தராசு சரியா இருக்கான்னு பார்க்க மட்டும் எனக்கு ஒரு ஆபீசர் வாரார், முத்திரை இல்லைன்னா அபராதம் போடுறார். அதே மாதிரி, “உங்க தராசை நீங்களே பார்த்துக்கங்க அண்ணாச்சி”ன்னு எனக்கும் ஒரு கடுதாசி போட்டா என்னவாம்?

அமெரிக்காக்காரன் மட்டும் யோக்கியமான்னு கேட்டா, இல்லை. அமேசான் பிரைம் சந்தாவிலேர்ந்து வெளியே வாரதுக்குள்ள ஆளைச் சுத்தவிட்ட அந்த வழிக்கு, கம்பெனிக்குள்ள வச்ச பேரு ‘இலியட்’. பத்து வருஷம் நடந்த டிராய் போரைப் பாடுற கிரேக்கக் காவியம்! 2023 ஜூனில் அங்குள்ள வாணிப ஆணையம் போட்ட வழக்குல இது வெளிய வந்துது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அமேசான் ஒத்துக்கிட்டு முடிச்சுது, அதில் பெரும்பங்கு வாடிக்கையாளருக்கே திருப்பிக் குடுக்க. ஜெர்மனியில 2022 ஜூலையிலேர்ந்தே, சேர ஒரு பட்டன் வச்சா விலக ஒரு பட்டன் வைக்கணும்னு சட்டம். நம்ம ஊர்ல சேர ஒரு பட்டன், விலக ஒரு கஸ்டமர் கேர். “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது.” ஆமா, முக்கியம்தான், அதான் இருபது நிமிஷமா எடுக்காம வச்சிருக்கீங்க.

இந்த போன் தொந்தரவுக்கும் டிராய்தான் சட்டம் போட்டுருக்கு. (அந்த டிராய் இல்லை, நம்ம டிராய். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்.) 1909க்குச் சொல்லி வேண்டாத அழைப்பை நிறுத்தலாம். 2025 பிப்ரவரியில் விதிகளை இன்னும் இறுக்கினாங்க. முன்ன மூணு நாளுக்குள்ள புகார் சொல்லணும், இப்ப ஏழு நாள் வரைக்கும் சொல்லலாம். கம்பெனி நடவடிக்கை எடுக்க முன்ன 30 நாள், இப்ப 5 நாள். விளம்பர அழைப்புன்னா 140ல ஆரம்பிக்கிற நம்பர்லேர்ந்துதான் வரணும், சாதாரண பத்து இலக்க நம்பர்லேர்ந்து வரக்கூடாது. எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கு. நானும் எழுதிப் போட்டேன். எந்த நம்பர், எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன பேசினாங்க எல்லாம். என் சிம்காரன் கம்பெனியிலேர்ந்து பதில் வந்துது: புகார் முடித்து வைக்கப்பட்டது. என்ன முடிச்சாங்க, யாரை முடிச்சாங்கன்னு ஒரு வார்த்தை இல்லை. அடுத்தநாள் அவங்க கம்பெனியிலேர்ந்தே ஒரு போன், “சார், எங்க சர்வீஸ் எப்படி இருந்தது? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள மார்க் போடுங்க.”

சவம், இதுக்கெல்லாம் நம்பர் எங்கேர்ந்து கிடைக்குது அவங்களுக்கு? நான் ஒரு இடத்துலயும், “வாருங்க, என்னைக் கூப்பிடுங்க”ன்னு எழுதிக் குடுக்கலையே. 2023ல் ஹைதராபாத் பக்கம் சைபராபாத் போலீஸ் ஒரு ஆளைப் பிடிச்சாங்க. 24 மாநிலத்துலயும் 8 பெருநகரத்துலயும் உள்ள 66.9 கோடி பேர், நிறுவனங்களோட தகவலை அவன் வச்சு வித்துக்கிட்டு இருந்ததா அறிவிச்சாங்க. 66.9 கோடி! அதுல நானும் இருப்பேன், நீங்களும் இருப்பீங்க, சம்பளம் வாங்காத அண்ணாச்சிக்க வீட்டம்மாவும் இருப்பாங்க. அந்த வருஷம் ஆகஸ்டிலதான் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துது. சட்டம் வந்து, அதுக்குள்ள விதி வெளியாக 2025 நவம்பர் ஆச்சு. அதுக்குள்ள என் நம்பர் எத்தனை எக்செல் ஷீட்டைப் பார்த்திருக்குமோ!

இப்படியெல்லாம் ஆளைத் துரத்தாம விக்கவே முடியாதான்னா, முடியும். சாட்சிக்கு வெளிநாடு போகாண்டாம், சென்னைக்குப் போனாப் போதும். 2010ல் அமெரிக்காவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி திடீர்னு விலையை ஏத்த, வாடிக்கையாளருங்க கொந்தளிச்சுப் போனாங்க. அந்தக் கோவத்தை சென்னையில இருந்து படிச்சவர் கிரீஷ் மாத்ருபூதம், திருச்சிக்காரர், அப்ப ஜோஹோவில் வேலை. வேலையை விட்டுட்டு ஃப்ரெஷ்டெஸ்க்குன்னு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியை ஆரம்பிச்சார். அடுத்த வருஷம் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு கல்லூரி. 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தையிலேயே பட்டியல் ஆச்சு அந்தக் கம்பெனி. அவங்களும் பின்னாடி சேல்ஸ் ஆளுங்களை வச்சிருப்பாங்க, போன் போட்டிருப்பாங்க, அதை நான் இல்லைங்கலை. ஆனா ஆரம்பம் எங்க இருக்கு பாருங்க. ஒருத்தனுக்கு எங்க வலிக்குதுன்னு முதல்ல கேட்டாங்க. எனக்க கடையில எங்க வலிக்குதுன்னு கேட்டவன் ஒருத்தன் உண்டா? நான் சொன்னப்பவும், “சூப்பர் சார்”ங்கிறதுதானே பதிலு?

அருவிக்குப் போற வழியில நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிறவர் சட்டியிலேர்ந்து ரெண்டு வில்லையை எடுத்துக் கையில தருவார். “தின்னு பாரும். பிடிச்சா வாங்கும், பிடிக்கலைன்னா பைய நடையும்.” தின்னுட்டு வாங்காமப் போனா, பின்னாலயே ஓடிவந்து, “ஏன் சார் வாங்கலை, விலை பிரச்சினையா, ருசி பிரச்சினையா, வீட்டில் யார் சார் டிசிஷன் மேக்கர்”ன்னு கேக்க மாட்டார். பர்ஸையும் வாங்கி வச்சுக்கிட மாட்டார். அந்த மனுஷனுக்கு எந்தக் கம்பெனியும் டிரெயினிங் குடுக்கலை.

அந்தப் பிள்ளைமேல எனக்குக் கோவம் கிடையாது. கூப்பிடுற ஒவ்வொரு குரலும் ஏதோ ஒரு வீட்டு மாடிப்படியில உக்காந்திருக்குன்னு தெரிஞ்ச பிறகு ஏசவும் மனசு வரலை. முன்ன, “வைடே போனை”ன்னு கத்துவேன். இப்ப, “வேண்டாம் மக்ளே, லிஸ்டிலேர்ந்து எடுத்துருங்க”ன்னு சொல்லிட்டு வைக்கிறேன். எடுக்க மாட்டாங்க. எடுக்கிற அதிகாரம் அவங்களுக்கு இல்லை, ‘நாட் இன்ட்ரஸ்டட்’னு போட்டவனையே மூணு மாசம் கழிச்சு திரும்பப் புது லிஸ்டில் அனுப்புவாங்களாம். நாலு வருஷம் படிச்சு, கடன் வாங்கி ஃபீஸ் கட்டி, கடைசியில அக்கம்பக்கத்து மாமாமாருக்க ஓடிபியை வச்சு வேலையைக் காப்பாத்திக்கிற நிலைமையில ஒரு பிள்ளையை நிறுத்தியிருக்கு இந்த வியாபாரம். அதுக்குப் பேரு வளர்ச்சியாம்.

பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்களே, எனக்கும் ஒரு சாஃப்ட்வேர் வேணும். நிஜமாத்தான் சொல்றேன். நோட்டுல எழுதி எழுதி கை வலிக்கு, மழையில நோட்டு நனையுது, முன்பணக் கணக்குல தெனமும் ஒரு சண்டை. ஒரு ஆளை அனுப்புங்க. ஒரு காலை நேரம் கடையில வந்து உக்காந்து பார்க்கட்டும், சாயா நான் வாங்கித் தாரேன். அப்புறம் ஒரு மாசம் தாங்க, கார்டு கேக்காம, ஆட்டோபே கேக்காம. மாசம் முடிஞ்சா தானா நிக்கட்டும். கொள்ளாம்னு தோணிச்சுன்னா நானே கூப்பிடுவேன். உங்க நம்பர் என்கிட்ட இல்லாமலா? எல்லாமே இருக்கு.

வாசிக்கிற நீங்க ஒண்ணு செய்யுங்க. இதை முடிச்ச கையோட உங்க யுபிஐ ஆப்பைத் திறந்து, ஆட்டோபேன்னு ஒரு பக்கம் இருக்கும், அதைப் பாருங்க. என்னிக்கோ ஒரு ரூபாய்க்குச் சேர்ந்தது ஏதாவது அங்க உயிரோட உக்காந்திருந்தா ரத்து செய்யுங்க. பணம் ஏற்கெனவே போயிருந்தா 1915க்கு அடிச்சுப் புகாரைப் பதிஞ்சு, புகார் எண்ணை எழுதி வச்சுக்கங்க. அப்படியே உங்க அம்மா அப்பா போனையும் வாங்கிப் பாருங்க. அதுலதான் கூட இருக்கும்.